அச்சமும் நகையும்: பேய்க்கதைகளுக்கு வாசகர் காட்டும் எதிர்வினைகள்

பேய், பிசாசு, பூதம், வேதாளம் முதலியவற்றைக் கொண்டு வாசகரை அஞ்சவும் சிரிக்கவும் வைக்கும் படைப்பை அச்சநகைப் புனைவு எனலாம். இது தனியான ஓர் இலக்கிய வகையாக அண்மைக் காலத்தில்தான் பேசப்படுகிறது. ஆனால் இதன் கூறுகள் தமிழில் மிகப் பழையவை. காரைக்கால் அம்மையாரின் பதிகம், பழையனூர் நீலி கதை, கலிங்கத்துப் பரணி, வேதாளக் கதைகள், புதுமைப்பித்தனின் சிறுகதைகள் ஆகியவற்றில் அச்சமும் நகையும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. இவற்றுள் முதல் இரண்டும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. அது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணி வட்டாரம். இத்தகைய படைப்புகளைப் படிப்போரிடமும் கேட்போரிடமும் எழும் எதிர்வினைகள் எவை, அவை ஏன் எழுகின்றன, காலப்போக்கில் எவ்வாறு மாறின என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பியம் தரும் அடிப்படை

வாசகர் எதிர்வினை என்பது மேலைநாட்டுத் திறனாய்விலிருந்து வந்த கருத்து என்று பலர் எண்ணுகின்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்ற ஓர் இயலே இதற்கு நெருங்கிய பொருளைப் பேசுகிறது. உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி, காண்போர்க்குப் புலப்படும்படி உடலில் வெளிப்படுவது மெய்ப்பாடு ஆகும். கண்ணீர், மெய்சிலிர்ப்பு, வியர்வை, நடுக்கம், சிரிப்பு ஆகியவை அவ்வாறு வெளிப்படுபவை.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு நான்காகக் கூறப்படுகின்றன. நகை என்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் வழியாகப் பிறக்கும். அச்சம் என்பது அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கின் வழியாகப் பிறக்கும். பேய், பூதம் போன்றவை அணங்கு என்பதில் அடங்கும்.

இந்தப் பட்டியலை வைத்து அச்சநகைப் புனைவின் அமைப்பை எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒரு பேய் கதைக்குள் வருகிறது. அது அணங்கு, ஆகவே அச்சம் பிறக்கிறது. அதே பேய் குழந்தையைப் போல நடந்துகொண்டால் இளமை காரணமாகவும், அறியாமையால் தவறு செய்தால் பேதைமை காரணமாகவும் நகை பிறக்கிறது. ஒரே உருவம் இரண்டு மெய்ப்பாடுகளுக்கு நிலைக்களனாகிறது. எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கமும் பயனுள்ளது. தான் பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவதும் எள்ளலில் அடங்கும். பேய்க்குப் பயந்து ஓடியவன் மறுநாள் தன்னையே எண்ணிச் சிரிப்பது இவற்றுள் இரண்டாவதை ஒத்தது.

திருத்தணி வட்டாரம்

திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான மலைக்கோயில் நகரம். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளுக்கு டிசம்பர் 31 அன்று இரவு நடைபெறும் படித்திருவிழா இங்கு பெயர் பெற்றது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில் இணைந்தது. தமிழும் தெலுங்கும் அருகருகே பேசப்படும் பகுதி இது.

திருத்தணி வட்டத்தில் உள்ளது திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்குள்ளது. இறைவன் காளியோடு போட்டியிட்டு ஊர்த்துவ தாண்டவம் ஆடிய தலமாக இது போற்றப்படுகிறது. பழங்காலத்தில் இது ஆலமரக் காடாகவும் சுடுகாடாகவும் பாடப்பட்டது. இதன் அருகில் இருக்கும் ஊர் பழையனூர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பழையனூரை இக்கோயிலுக்குத் தேவதானமாக அளித்ததைக் கூறுகின்றன. பக்தி, சுடுகாடு, பேய், ஊர்ச்சபை ஆகிய நான்கும் கூடிய நிலம் இது. தமிழின் புகழ்பெற்ற இரண்டு பேய் உருவங்கள் இந்த மண்ணோடு தொடர்புடையன.

அம்மையார் காட்டும் பேய்

காரைக்கால் அம்மையார் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் எனக் கருதப்படுகிறார். கணவன் தன்னைத் தெய்வமெனக் கண்டு விலகிய பின், உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். தம்மைக் காரைக்கால் பேய் என்றே தம் பாடல்களில் சொல்லிக்கொண்டவர். திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சுடுகாட்டுக் காட்சிகள் நிறைந்தவை.

அப்பாடல்களுள் ஒன்றில் ஒரு பெண்பேய் கள்ளிச்செடியின் கிளைகளுக்கிடையே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. கொள்ளிக்கட்டையின் கரியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது, சிரிக்கிறது, உடனே எதற்கோ மிரள்கிறது, துள்ளிக் குதிக்கிறது, பிணம் எரியும் தீ சுட்டுவிடுகிறது, கோபத்தில் புழுதியை அள்ளி வீசித் தீயை அணைக்கப் பார்க்கிறது. இன்னொரு பாடலில் ஒரு தாய்ப்பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, பாலூட்டி, புழுதியைத் துடைத்து வளர்க்கிறது.

படிப்பவரிடம் இங்கே மூன்று உணர்ச்சிகள் அடுத்தடுத்து எழுகின்றன. இடமும் பொருளும் அச்சத்தைத் தருகின்றன. மை தீட்டி அழகு பார்ப்பதும் தீச்சுட்டுத் துள்ளுவதும் சிரிப்பை வரவழைக்கின்றன. பிள்ளையைத் துடைத்துவிடும் தாய்ப்பேயைக் காணும்போது பரிவு பிறக்கிறது. பாடியவர் பேயை வெளியில் நின்று வேடிக்கை பார்ப்பவர் அல்லர். தாமே பேய் என்று சொல்லிக்கொண்டவர். எனவே இந்தச் சிரிப்பில் இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை. பேயும் நம்மைப் போல அலங்கரிக்கும், சுட்டால் துடிக்கும், பிள்ளையை வளர்க்கும் என்று அறியும்போது அச்சம் உறவாக மாறுகிறது. அச்சநகைப் புனைவு தரக்கூடிய உயர்ந்த எதிர்வினை இதுவே எனலாம்.

பழையனூர் நீலி

நீலி கதைக்குப் பல வடிவங்கள் உள்ளன. அவற்றின் பொதுச் சுருக்கம் வருமாறு. ஒருவன் தன் மனைவியைக் காட்டில் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிப் பழிவாங்கக் காத்திருக்கிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து திருவாலங்காட்டுக் காட்டு வழியே வருகிறான். பேயிடமிருந்து காக்கும் மந்திர வாள் அவன் கையில் இருக்கிறது. நீலி ஒரு கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவியைப் போலப் பின்தொடர்கிறாள். அவன் பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் அடைக்கலம் புகுகிறான்.

சபையில் வணிகன் இவள் பேய் என்கிறான். நீலி அழுதபடி, கணவன் தன்னைக் கைவிடப் பார்க்கிறான் என்கிறாள். குழந்தை வணிகனிடம் தாவிச் செல்கிறது. சபையோர் அவளை நம்புகின்றனர். இருவரும் ஓரிடத்தில் தங்கட்டும் என்கின்றனர். அவன் கையில் வாள் இருப்பதால் தனக்கு அச்சமாக இருக்கிறது என்று நீலி சொல்ல, அதையும் வாங்கிவிடுகின்றனர். உனக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுவோம் என்று வாக்களிக்கின்றனர். மறுநாள் காலை வணிகன் இறந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகின்றனர்.

இந்நிகழ்ச்சி திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் குறிப்பிடப்படுகிறது. ஆகவே 7ஆம் நூற்றாண்டுக்கு முன்பே கதை வழங்கிவந்தது எனலாம். பின்னர் நாட்டார் கதைப்பாடல்களாகவும் வில்லுப்பாட்டாகவும் வெவ்வேறு பகுதிகளில் பரவியது. தென்கோடியில் கன்னியாகுமரி வரையிலும் நீலி கதை பாடப்படுகிறது.

கேட்போர் எதிர்வினை எவ்வாறு உருவாகிறது?

நீலி கதையின் சபைக்காட்சி, எதிர்வினையை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. நீலி பேய் என்பது கேட்பவருக்குத் தெரியும், சபையோருக்குத் தெரியாது. வணிகன் உண்மையைச் சொல்கிறான், அது பொய்யாகத் தோன்றுகிறது. நீலி பொய் சொல்கிறாள், அது உண்மையாகத் தோன்றுகிறது. கள்ளிக் கட்டை அப்பனைத் தேடித் தாவுகிறது. சபைப் பெரியவர்கள் நியாயம் பேசப் பேச வணிகன் மேலும் மேலும் சிக்கிக்கொள்கிறான். இந்த முரண் கேட்பவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். வாளை வாங்கிவிடும் இடத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அடுத்து என்ன நடக்கும் என்பது அப்போது தெரிந்துவிடுகிறது.

இங்கே நகையும் அச்சமும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. கதைக்குள் இருப்போர் அறியாததைக் கேட்பவர் அறிந்திருப்பதே அந்தக் காரணம். ஆபத்து தொலைவில் உள்ளவரை அந்த அறிவு சிரிப்பைத் தருகிறது. ஆபத்து நெருங்கும்போது அதே அறிவு நடுக்கத்தைத் தருகிறது. இன்றைய பேய்ப் படங்களில் பின்னால் பேய் நிற்பது தெரியாமல் நாயகனின் நண்பன் வீரம் பேசும் காட்சிகளும் இதே அமைப்பைக் கொண்டவை.

நீலிக் கண்ணீர்

காலப்போக்கில் கதையின் அச்சம் மங்கியது. இன்று நீலிக் கண்ணீர் என்பது போலி அழுகையைக் குறிக்கும் வழக்குச் சொல். அரசியல் மேடைகளிலும் வீட்டுச் சண்டைகளிலும் இது கேலியாகப் பயன்படுகிறது. கதையையே அறியாதவர்களும் இச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். ஒரு பேய்க்கதைக்கு ஒரு சமூகம் பல நூற்றாண்டுகளாகக் காட்டிவந்த எதிர்வினையின் எச்சம் இந்த மரபுத்தொடர்.

ஆனால் இதில் ஒரு இழப்பும் உண்டு. நீலி கொலை செய்யப்பட்ட பெண். அவளது முதல் மரணத்துக்குக் கதையில் எந்தச் சபையும் கூடவில்லை; எவரும் வாக்களிக்கவில்லை. எழுபது பேரின் வாய்மைக்கு நினைவிடம் உண்டு. அவளுக்கு மிஞ்சியது பொய்யழுகை என்னும் பட்டம் மட்டுமே. அழும் பெண்ணை நீலி என்று கேலி செய்யும்போது, கொன்றவனின் பக்கத்திலிருந்து நாம் சிரிக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. அதே கதையைப் படிக்கும் இன்றைய வாசகர் பலருக்கு நீலியின் மீது இரக்கமும், அவளைக் கொன்றவன் மீது கோபமும் எழுகின்றன. கதை மாறவில்லை, வாசகரின் நிலைப்பாடு மாறியிருக்கிறது.

நீலகேசி: அஞ்சாத ஒருவரின் எதிர்வினை

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, பழையனூர் நீலியை வேறு வகையில் கையாள்கிறது. முனிச்சந்திரர் என்னும் சமணத் துறவி, காளிக்கு உயிர்ப்பலி இடுவதைத் தடுக்கிறார். அவரை விரட்டப் பழையனூர் நீலி அழைக்கப்படுகிறாள். அவள் பல வகையில் அச்சுறுத்துகிறாள். அழகிய பெண்ணாக வந்தும் மயக்கப் பார்க்கிறாள். துறவி அஞ்சவும் இல்லை, மயங்கவும் இல்லை. முயற்சிகள் தோற்ற நிலையில் நீலி அவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள்.

பேயின் ஆற்றல் பேயிடம் இல்லை, அஞ்சுபவரிடம் இருக்கிறது என்பதை இக்காப்பியம் காட்டுகிறது. அஞ்ச மறுக்கும் ஒருவர் முன் பேய் வெறும் வேடம் ஆகிவிடுகிறது. அச்சுறுத்த வந்தவள் தர்க்கம் பேசத் தொடங்குவது, சமய நோக்கத்தைத் தாண்டியும் படிப்பவரைப் புன்னகைக்க வைக்கும் திருப்பம் ஆகும்.

கலிங்கத்துப் பரணியின் பேய்கள்

அச்சநகைக்குத் தமிழில் முழுமையான எடுத்துக்காட்டு, செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய கலிங்கத்துப் பரணி. முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் இது. போரின் கதையைப் பேய்களின் வாயிலாகவே நாம் கேட்கிறோம்.

இந்நூலின் பேய்கள் பசியால் வாடுபவை. பேய் முறைப்பாடு என்ற பகுதியில் அவை காளியிடம் தம் பசியைச் சொல்லி முறையிடுகின்றன. இந்திரசாலம் என்ற பகுதியில் இமயத்திலிருந்து திரும்பிய முதிய பேய் ஒன்று தான் கற்ற மாய வித்தையைக் காட்டுகிறது. குருதியும் பிணமும் இருப்பதுபோலத் தோன்ற, பசித்த பேய்கள் பாய்ந்து விழுந்து வெறும் வாயை மென்று ஏமாறுகின்றன. நொண்டிப் பேய், கூன் பேய், ஊமைப் பேய் என ஒவ்வொன்றும் எவ்வாறு அந்நிலையை அடைந்தது என்பதற்கும் வேடிக்கையான காரணங்கள் சொல்லப்படுகின்றன.

களம் பாடியது என்ற பகுதியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. முரசுகள் உரலாகின்றன, யானைத் தந்தங்கள் உலக்கையாகின்றன, பற்கள் அரிசியாகின்றன. சமைத்த பின் பந்தி நடக்கிறது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், கருவுற்ற பேய் என ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி கூழ் வார்க்கப்படுகிறது. ஊர் விருந்தில் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறும் காட்சியே அப்படியே போர்க்களத்துக்குள் வந்துவிடுகிறது.

வாசகரின் எதிர்வினை இங்கே அருவருப்பிலிருந்து தொடங்குகிறது. சமையல், பந்தி, உபசரிப்பு போன்ற அன்றாடச் செயல்கள் வரிசையாக வரும்போது அருவருப்பு மெல்ல மறைந்து சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு அந்தக் கூழ் எதனால் ஆனது என்பது நினைவுக்கு வருகிறது. இந்த மூன்றாம் நிலையே முக்கியமானது. வெற்றி பெற்றவரின் அவையில் பாடப்பட்ட நூல் இது. தோற்ற கலிங்க வீரர்கள் சமணத் துறவியாகவும் அந்தணராகவும் வேடமிட்டுத் தப்பியதாகக் கூறும் பகுதியிலும் சிரிப்பு வருகிறது. ஆனால் அது உயிருக்கு அஞ்சி ஓடிய மனிதரைப் பார்த்து வரும் சிரிப்பு. சோழர் அவையில் கேட்டவருக்கும், வடக்கே கலிங்க நாட்டில் உறவினரை இழந்தவருக்கும் இந்தப் பாடல்கள் ஒரே உணர்ச்சியைத் தந்திருக்க இயலாது.

வேதாளமும் நவீனக் கதைகளும்

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் குழந்தைகள் முதலில் அறியும் பேய்களுள் ஒன்று. இக்கதைகளின் பழைய வடிவம் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் உள்ளது. 1947 சூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் சந்தமாமாவும் தமிழில் அம்புலிமாமாவும் வெளிவரத் தொடங்கின. பின்னர் அவற்றில் தொடர்ந்து வந்த வேதாளக் கதைகளும் சங்கரின் ஓவியங்களும் இரு மொழி வாசகருக்கும் பொதுவாயின. எல்லைப் பகுதிச் சிறுவர் எந்த மொழிப் பள்ளியில் படித்தாலும் அதே வேதாளத்தையே சந்தித்தனர்.

இக்கதைகளில் சுடுகாடு உண்டு, பிணம் உண்டு, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்ற மிரட்டலும் உண்டு. ஆயினும் குழந்தைகள் அஞ்சுவதில்லை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் அரசன் வாயைத் திறப்பான், வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி அச்சத்தைக் குறைத்து எதிர்பார்ப்பை வளர்க்கிறது. எதிர்பார்த்தது நிகழும்போது மகிழ்ச்சி பிறக்கிறது.

நவீனச் சிறுகதையில் இம்மரபை எடுத்தாண்டவர் புதுமைப்பித்தன். வேதாளம் சொன்ன கதை என்ற சிறுகதையில் வேதாளம் மனிதனோடு உரையாடும் ஒரு பாத்திரமாகிறது. கேலியே அக்கதையின் தொனி. 1943இல் வெளிவந்த தொகுப்புக்குப் பெயர் தந்த காஞ்சனை கதையோ வேறு வகையில் இயங்குகிறது. அதைச் சொல்பவன் ஓர் எழுத்தாளன். சரடுவிட்டுப் பிழைக்கும் தொழில் தன்னுடையது என்று தன்னையே கேலி செய்து தொடங்குகிறான். வாசகரும் சிரித்தபடி உள்ளே செல்கின்றனர். வீட்டுக்கு வந்த வேலைக்காரியைப் பற்றிய ஐயம் வளர வளர அந்தக் கேலி சுருங்கிவிடுகிறது. நடந்தது என்ன என்பது இறுதிவரை உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. பேய் இல்லை என்று அறிவு சொல்லியும் அச்சம் நீங்காத நிலையில் வாசகர் விடப்படுகிறார். தொடக்கத்தில் வந்த நகை வாசகரின் காவலைத் தளர்த்துவதற்குப் பயன்பட்டிருக்கிறது.

எதிர்வினைகளின் வகைகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து வாசகரின் எதிர்வினைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. அஞ்சிச் சிரித்தல்: அச்சம் நீங்கியவுடன் வரும் ஆறுதல் சிரிப்பு. இருட்டில் பேயென்று நினைத்தது வேட்டி காயும் கொடி என்று தெரிந்தபோது வருவது.

2. சிரித்து அஞ்சுதல்: நகையால் காவல் தளர்ந்தபின் வரும் அச்சம். காஞ்சனை இவ்வகை.

3. அருவருத்துச் சிரித்தல்: அருவருப்பான பொருள் அன்றாட ஒழுங்குக்குள் வைக்கப்படும்போது வருவது. கலிங்கத்துப் பரணியின் கூழ் இவ்வகை.

4. பரிவு கொள்ளுதல்: பேயின் துன்பமோ பாசமோ புலப்படும்போது வருவது. அம்மையாரின் தாய்ப்பேய் இவ்வகை.

5. ஏமாற்றம் அடைதல்: அஞ்ச விரும்பிப் படித்தவருக்கு நகைச்சுவையும், சிரிக்க விரும்பிப் படித்தவருக்குக் கொடுமையும் தடையாகத் தோன்றுவது. இரண்டும் கலந்த படைப்புக்கே உரிய குறை இது.

6. மனவருத்தம் அடைதல்: சிரிப்புக்கு இலக்கானவர் தம்மைப் போன்றவர் என வாசகர் உணரும்போது வருவது. உடற்குறையுள்ள பேய்களைக் கேலி செய்யும் பகுதிகளை இன்று படிப்போர் பலர் இந்நிலையை அடையலாம்.

ஒரே வாசகர் ஒரே படைப்பில் இவற்றுள் பலவற்றை அடையலாம். தனியே படிக்கும்போதும் கூட்டத்தில் கேட்கும்போதும் எதிர்வினை வேறுபடும். கூட்டத்தில் ஒருவர் சிரித்தால் மற்றவர் அச்சமும் குறையும். இரவில் தனியே படிக்கும்போது அந்த உதவி கிடையாது.

அச்சமும் நகையும் ஏன் நெருங்கியவை?

அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில், நகைப்புக்குரியது ஒருவகைக் குறை என்றும், அது பிறருக்கு வலியோ அழிவோ தராதது என்றும் கூறி, கோணலான நகைமுகமூடியை எடுத்துக்காட்டுகிறார். வலி தராதவரை கோணல் முகம் சிரிப்புக்குரியது. வலி தரும் என்று தோன்றினால் அதே முகம் அச்சத்துக்குரியது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் நோயல் கரோல், 1990இல் வெளியிட்ட நூலிலும் 1999இல் எழுதிய கட்டுரையிலும் இதை மேலும் விளக்கினார். அவர் கருத்தில் அச்சுறுத்தும் உருவங்கள் நாம் உலகைப் பிரித்து வைத்திருக்கும் வகைகளை மீறுபவை. பேய் உயிருள்ளதும் அன்று, உயிரற்றதும் அன்று. நகைச்சுவையும் பொருந்தாதவற்றைச் சேர்ப்பதால் பிறப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்று. உருவம் தீங்கு செய்யும் என்று தோன்றினால் அச்சம். தீங்கு செய்யாது என்று தோன்றினால் நகை. கள்ளிக் கட்டை குழந்தையாவது வகைமீறல்தான். அது சபையில் தாவும்போது சிரிக்கிறோம். இரவில் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எண்ணும்போது நடுங்குகிறோம்.

திரைப்படங்களில் இம்மரபு

2005இல் வெளிவந்த சந்திரமுகியில் வடிவேலு அஞ்சி நடுங்கும் காட்சிகள் பெரிதும் விரும்பப்பட்டன. 2011இல் காஞ்சனா, 2014இல் யாமிருக்க பயமே, அரண்மனை ஆகிய படங்கள் அச்சநகையைத் தமிழ்த் திரையின் நிலையான வகையாக்கின. இவற்றுள் பலவற்றின் அமைப்பு ஒன்றே. முற்பகுதியில் பேய் வேடிக்கைப் பொருள். பிற்பகுதியில் அதற்கு இழைக்கப்பட்ட அநீதி வெளிப்படும். காஞ்சனாவில் பேயாக வருபவர் கொல்லப்பட்ட திருநங்கை. சிரித்துக்கொண்டிருந்த பார்வையாளர் அவரது கதையைக் கேட்டபின் அவர் பக்கம் சாய்கின்றனர். நீலி கதையில் முன்னால் சொல்லப்பட்டும் மறக்கப்பட்ட கொலை, இப்படங்களில் பின்னால் வைக்கப்பட்டு நினைவில் நிறுத்தப்படுகிறது. இந்த வரிசை மாற்றமே எதிர்வினையை மாற்றுகிறது.

மாணவர் கவனிக்க வேண்டியவை

அச்சநகைப் படைப்பொன்றைப் படித்து எதிர்வினையை எழுதும் மாணவர், பயமாக இருந்தது என்றோ சிரிப்பாக இருந்தது என்றோ முடித்துவிடாமல் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த இடத்தில் சிரிப்பு நின்றது? அந்த இடத்தில் கதை எதை மாற்றியது?

கதைமாந்தர் அறியாத எதை நாம் அறிந்திருந்தோம்?

சிரிப்பு யார் மீது விழுந்தது? பேயின் மீதா, அஞ்சியவர் மீதா, இறந்தவர் மீதா?

பேய் ஏன் பேயாயிற்று? அந்தக் காரணத்தைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா?

இவ்வினாக்களோடு பழையனூர் நீலி கதையை மீண்டும் படித்தால், அவள் சபையில் வடித்த கண்ணீர் நடிப்பு என்பதும், அவளுக்கு அழக் காரணம் இருந்தது என்பதும் ஒருங்கே விளங்கும். நீலிக் கண்ணீர் என்ற சொல் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. மற்றப் பாதியும் கதையில் இருக்கிறது. அதைக் காண்பது படிப்பவர் கையில் உள்ளது.